முன்மொழிந்தவர் பெயர்

பத்திரப்பதிவுத் துறையில் காலம் தள்ளிவிட்டு வந்தவனுக்கு ஓய்வு என்பது, மற்றவர்கள் தப்பும் தவறுமாக எழுதும் காகிதங்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. அது தாங்காமல்தான் கொருக்குப்பேட்டையில் மாலை வகுப்புகள் நடத்தும் அந்த அறக்கட்டளைக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கப் போனேன். எனக்குப் பக்தி கிடையாது. அவர்களிடம் அது நிறைய இருந்தது. ஒழுங்கான கோப்பு ஒன்றுதான் இல்லை.

அறங்காவலர்கள் இரண்டே பேர். தலைவர், மணலியில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருந்து பாதியில் வேலையை விட்டவர். இன்னொருவர் மீன் விற்றுக்கொண்டே தனித்தேர்வு எழுதி, பிறகு டிகிரியும் முடித்த பெண்மணி. பிள்ளைகளுக்கு அவர் அக்கா. என்னைவிட வயதில் சின்னவர்தான். ஆனாலும் எனக்கும் அக்கா ஆகிப்போனார்.

கூட்டத்துக்கு முன் ஜெபம், பின் ஜெபம். நடுவில் எடுத்த முடிவு எதிலும் யார் பெயரையும் எழுத மாட்டார்கள். "ஆண்டவர் நடத்தியபடி தீர்மானித்தோம்" என்று ஒரே வரி. இது ஒருநாள் மாட்டும் என்று பலமுறை சொன்னேன். தலைவர் சிரித்துவிட்டுப் போவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாட்டியது. மாநகராட்சிப் பள்ளியின் இரண்டு வகுப்பறைகளை மாலையில் பயன்படுத்த எங்களுக்கிருந்த அனுமதி அன்றோடு முடிகிறது. புதுப்பிக்கக் கொடுத்த தீர்மான நகலை மாநகராட்சி அலுவலகக் கண்காணிப்பாளர் திருப்பிவிட்டார். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர் இல்லையாம். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். எரிச்சல் அதனால் இன்னும் கூடியது. ஐந்தே முக்காலுக்குள் கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை கதவு திறக்காது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இருந்தால் எங்களிடம் ஏன் வருகிறார்கள்?

இருவரும் ஒப்புக்கொண்டால் முன்னறிவிப்பு இல்லாமலும் கூடலாம் என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் ஒரு விதி இருந்ததைத் தேடிப்பிடித்தேன். மூன்றரைக்குக் கூட்டம். நோட்டில் புதிய பக்கம் திறந்து, தேதி போட்டு, பேனாவை நீட்டினேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் சன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. மணி நாலு.

திறந்ததும், தொழிற்சாலையில் எல்லாவற்றிலும் தன் பெயர் இருக்க வேண்டும் என்று அலைந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். கூட வேலை செய்தவர்களை அதற்காக மிதித்ததாகவும் சொன்னார்.

"பேரு போட்டா மறுபடி அந்த ஆளா ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு சார்."

பயத்துக்கு எங்கள் துறையில் படிவம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அக்கா பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஐயா, கர்த்தரு ஆபீசுக்கு வந்து கையெழுத்து போட்டுக்கினு இருக்க மாட்டாரு. என் பேர எழுதிக்கிறேன். பெருமை வந்தா நான் அவராண்ட பேசிக்கிறேன்." எழுதிவிட்டு நோட்டைத் தலைவர் பக்கம் தள்ளினார். "திங்கக்கெயம புள்ளைங்க எங்க குந்தும், சொல்லு நைனா."

அவரை நைனா என்று அக்கா கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் வழிமொழிந்தார். கையெழுத்து பழைய பொறியாளருடையது: பெரிதாக, அடியில் அழுத்தமாக ஒரு கோடு. அதைத் தானே பார்த்துவிட்டுச் சட்டென்று நோட்டை மூடினார்.

ஐந்தரைக்கு நகலைக் கொடுத்தேன். முத்திரை விழுந்தது.

திங்கட்கிழமை இரண்டு அறைகளிலும் பிள்ளைகள் இருந்தார்கள். தலைவர் தாழ்வாரத்திலேயே நடந்துகொண்டிருந்தார். கணக்கு வரவில்லை என்று ஒரு பெண் நோட்டோடு வெளியே வந்த பிறகுதான் உள்ளே போனார்.

அடுத்த கூட்டத்தில் முந்தைய தீர்மானங்களை உரக்க வாசித்து உறுதிசெய்ய வேண்டும், அதுதான் முறை. வாசித்தேன். தலைவர் பெயர் இருந்த வரி வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். முறைப்படி அப்படிச் செய்யக் கூடாது.