மின்சார ஃபோர்வீல் இழுத்த ரதம்

எழுபதைத் தாண்டியவன் மின்சார ஃபோர்வீல் வாங்குவதற்கு நியாயமான காரணம் எதுவும் கிடையாது. நான் இரண்டு காரணங்கள் சொன்னேன். சுற்றுச்சூழல் என்றேன். சிம்பாங் பூலாயிலிருந்து அதன் பின்பக்கத் திறந்த தட்டில் பூந்தொட்டிகள் ஏற்றி வரலாம் என்றேன். உண்மை என்னவென்றால், ஈப்போவில் எங்கள் வட்டாரத்தில் வேறு யாரிடமும் அது இல்லை. ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இந்த வண்டி வந்தபின் டயருக்குக் காற்றடிக்கப் போன இடத்தில்கூட ஆட்கள் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். நானும் பாடம் நடத்தினேன். கரும்பலகை இல்லாதது ஒன்றுதான் குறை.

என் பாடத்தை நம்பாத ஒரே மாணவன் என் மனைவியின் தம்பி. சுங்காயில் இருக்கிறான். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழ லோரி ஓட்டி வயதானவன். அவனிடமும் ஒரு ஃபோர்வீல் இருந்தது, டீசலில் ஓடும் பழைய வண்டி. அதன் நிறம் என்னவாக இருந்தது என்று அவனுக்கே மறந்துவிட்டது.

"கரண்டு வண்டிய ஆத்துல எறக்குனா என்னா ஆவும் தெரியுமா மச்சான்? மீனெல்லாம் வெந்து மெதக்கும்" என்றான், சுங்காயில் நாங்கள் வழக்கமாகத் தே தாரிக் குடிக்கும் கடையில்.

"அப்ப எனக்கு ஒரு போன் போட்டு சொல்லிடுங்க சார், கறிக்கு நானே வந்து அள்ளிக்கிறேன்" என்றார் கடைக்கார முதலாளி.

"நீ லோரில உக்காந்தே காலத்த ஓட்டிட்ட மாப்ளே. ஃபிசிக்ஸ் உனக்கெதுக்கு?" என்றேன். சிரித்தான். அதில் அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

ஒருநாள் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவனும் என் மனைவியும் பிறந்த தோட்டத்துக்கே ஓட்டிப் போனேன். ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் பாதி இடிந்துவிட்டன. கோயில் மட்டும் இருக்கிறது. அதற்குப் போகும் செம்மண் சடக்கில் ஓரிடத்தில் பாலம் உடைந்து, ஓடையில் இறங்கித்தான் ஏற வேண்டும். வண்டி தண்ணீரில் இறங்கியதும் அவன் இரண்டு கால்களையும் தூக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டான். ஷாக் அடிக்கவில்லை. மீன் எதுவும் மிதக்கவில்லை. அக்கரை மேட்டில் மட்டும் கொஞ்சம் பயந்தேன். பேட்டரியின் கனம், அதோடு கடையில் போட்டுக் கொடுத்த தார்ச்சாலை டயர். வண்டி ஈரமண்ணில் எருமைபோலப் பக்கவாட்டில் நழுவியது. ஆனால் இழுவிசை, மிதித்த கணத்திலேயே முழுதாக வந்து மேலே தூக்கிவிட்டது.

காலைக் கீழே இறக்கிவிட்டு, "சும்மா சொல்லக்கூடாது மச்சான், இழுவ இருக்கு" என்றான். ஒரு மனிதன் தோல்வியை அதைவிட நேர்மையாக ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அது போதவில்லை.

அந்தக் கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை திருவிழா. தோட்டத்தை விட்டுப் போனவர்கள் தெலுக் இந்தான், ஈப்போ, கோலாலம்பூர் என்று எல்லா இடத்திலிருந்தும் வந்து சேருவார்கள். அம்மனின் ரதத்தை முன்பு ஆட்கள் வடம் பிடித்து இழுத்தார்கள். அவனுடைய அப்பா முதல் ஆளாகப் பிடிப்பாராம். ஆட்கள் குறைந்த பிறகு அவனுடைய டீசல் வண்டி இழுத்தது. சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைப்பார்கள். ஊர்வலம் முடிந்து ரதம் திரும்பியதும், இழுத்து வந்தவனுக்குத்தான் முதல் பரிவட்டம். பூசாரி நெற்றியைச் சுற்றி அந்தப் பட்டுத்துணியைக் கட்டும்போது எல்லோரும் கைகூப்பி நிற்பார்கள். வருடம் முழுவதும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு லோரிக்காரனை அன்று கோயில் தலைவர் கையைப் பிடித்து அழைத்து வருவார். அவனுக்கு அதைத் தவிர வேறு மரியாதை எங்கேயும் கிடைத்ததில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

கோயில் கூட்டத்துக்கு நான் மனைவியின் உறவில் வந்தவன். ஆனாலும் படித்தவன் என்று ஒரு நாற்காலி போடுவார்கள். அதிலிருந்து எழுந்து, இந்த வருடம் ரதத்தை என் வண்டி இழுக்கட்டும் என்றேன். டீசல் புகையில் அம்மனின் சேலை ஓரம் கறுத்துப்போவதைச் சொன்னேன். ரத விளக்குகளுக்காகக் கட்டி இழுத்துப் போகும் ஜெனரேட்டர் போடும் சத்தத்தில் நாதஸ்வரம் கேட்பதில்லை என்றேன். என் வண்டியிலேயே பிளக் இருக்கிறது, விளக்கெல்லாம் அதிலிருந்தே எரியும் என்றேன். அவனுடைய வண்டி வருடாவருடம் ஸ்டார்ட் ஆகாமல் பையன்கள் 'ஓம் சக்தி' என்று கத்திக்கொண்டு தள்ளுவார்கள்; அந்தத் தள்ளலே திருவிழாவின் ஒரு சடங்காகிவிட்டது என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சொன்ன எதுவும் பொய் இல்லை.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்கு முந்தைய மாதம் ஈப்போவிலிருந்து கோயிலுக்கு நாற்காலிகளை டிரெய்லரில் கட்டி இழுத்து வந்தேன். வண்டி காட்டிய தூரத்தில் பாதிகூடத் தாங்கவில்லை. நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சார்ஜ் போட ஒதுங்கினால், அந்த இடம் கார் நிற்க மட்டும் அளந்து கட்டியது. டிரெய்லரைக் கழற்றி ஓரமாக நிறுத்திவிட்டு, நாற்காலிகளைக் களவு கொடுக்காமல் காவல் காத்தபடி, சார்ஜ் ஏறி முடியும்வரை நானும் நின்றேன். சுமை இழுத்துத் தூரம் போக வேண்டியவனுக்கு இன்றைக்கு இந்த வண்டி சரிப்படாது. ரதம் போகிற தூரத்துக்கு அது தேவையில்லாத உண்மை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"நீ என்னப்பா சொல்ற?" என்று தலைவர் அவனைக் கேட்டார்.

"நல்லதுதானே தலைவரே. அம்மனுக்குப் பொக இல்லாம இருந்தா சரி" என்றான். பிறகு, "அப்ப நான் தண்ணிப் பந்தல் போட்டுக்கிறேன்" என்றான்.

திருவிழா அன்று மழை விட்டு மாலை வெளிச்சம் நன்றாக இருந்தது. என் வண்டிக்கு மாலை போட்டார்கள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. ரதம் அசைந்ததே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவு மெதுவான தொடக்கம். நாதஸ்வரம் உண்மையாகவே கேட்டது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே விளக்குகளோடு ரதம் போவதைக் கண்ணாடியில் பார்த்தபடி ஓட்டினேன். ஆட்கள் செல்போனில் அம்மனைப் படம் பிடிப்பதைவிட என் வண்டியை அதிகம் பிடித்தார்கள். அம்மன் பெருந்தன்மையாகப் பொறுத்துக்கொண்டாள்.

பழைய லயங்களுக்குத் திரும்பும் முனையில் அவன் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தான். டீசல் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் மோர் அண்டாவும் சிராப் அண்டாவும் வைத்து, ஊற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு மனம் இளகியது என்று எழுத ஆசைதான். உண்மையில் பெருமை பொங்கியது. அவனைக் கூப்பிட்டு என் பக்கத்துச் சீட்டில் ஏற்றிக்கொண்டால் எல்லோர் முன்னாலும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்து, "மாப்ளே, வா, ஏறிக்க!" என்று கை காட்டினேன்.

வண்டி நின்றுவிட்டது.

மேளம் இரண்டு அடி முன்னால் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தது. ரதம் சரியாக அவனுக்கு எதிரே நின்றது. நான் மிதித்தேன். அசையவில்லை.

"அம்மா நின்னுட்டா" என்றது ஒரு குரல். கூட்டத்தில் அந்தச் செய்தி பின்னாலே ஓடியது. நிறைய பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"நிக்காம என்னா செய்வா? இத்தன வருசம் இழுத்தவன மோர் ஊத்த வெச்சுட்டீங்களே" என்றாள் ஒரு கிழவி, என்னைப் பார்த்து அல்ல, தலைவரைப் பார்த்து.

"கூப்புடுங்கண்ணே அவர! அவரு வண்டிய கட்டுங்க!" என்று பையன்கள் கத்தினார்கள். சொல்வதற்குள் பாதிப் பேர் டீசல் வண்டியைத் தள்ளத் தயாராக அதன் பின்னால் போய் நின்றாயிற்று. யாரோ அண்டாக்களை இறக்கினார்கள்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவனைப் பார்த்தேன். அவன் அகப்பையை வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்து, வண்டிக்குள்ளிருந்து இழுவைச் சங்கிலியை எடுத்தான். அந்த முகத்தை நான் அவனுடைய கல்யாணத்தில் பார்த்திருக்கிறேன்.

அதற்குள் எனக்கு முன்னாலிருந்த திரை காரணத்தைச் சொல்லிவிட்டது. பெல்ட் இல்லை, கதவு திறந்திருக்கிறது. ஓட்டுநர் இறங்குகிறார் என்று நினைத்து வண்டி தானாகவே 'பார்க்'குக்கு மாறிச் சக்கரங்களைப் பூட்டிக்கொண்டது. நான் செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான். கதவைத் திறந்தபடியே விட்டு, கீழே இறங்கி, கைகூப்பியிருந்தால் போதும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. அவன் கட்டி இழுத்திருப்பான். அம்மன் கேட்டு வாங்கிய ஆள் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்திருப்பான்.

நான் கதவைச் சாத்தினேன். "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல! கதவத் தொறந்தா தானா நின்னுக்கும். சேஃப்டிலா!" என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னேன். பெல்ட்டை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். ரதம் நகர்ந்தது. கூட்டம் கைதட்டியது. முதலில் தட்டியவர்களில் அந்தக் கிழவியும் ஒருத்தி.

பக்கவாட்டுக் கண்ணாடியில் அவன் சங்கிலியோடு நிற்பது கொஞ்ச தூரம் தெரிந்தது.

இரவு பரிவட்டத்தை எனக்குக் கட்டினார்கள். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். வீடு திரும்பும்போது மனைவி பேசவில்லை. மின்சார வண்டியின் ஒரு வசதி, ஒருவர் பேசாமல் இருப்பது அதில் மிகத் தெளிவாகக் கேட்கும்.

அடுத்த திருவிழாவுக்குள் அவன் டீசல் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சுங்காயில் அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வண்டி நின்ற இடத்தில் மிளகாய்ச் செடிகள் வைத்திருந்தான். நல்ல விதமாகத்தான் உபசரித்தான். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "வந்து பாருங்கண்ணே, இதுதான் அந்தக் கரண்டு வண்டி. ஆத்துலயே எறங்கும்" என்று என் வண்டியைக் காட்டினான்.

அவர் போனபின் சொன்னேன். திரையில் என்ன வந்தது, எனக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வருடம் என் வண்டியையே அவன் ஓட்டி இழுக்கட்டும், நான் வரவில்லை என்றும் சொன்னேன். அது எவ்வளவு மலிவான தானம் என்பது வாயைவிட்டு வந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

அவன் பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"தெரியும் மச்சான். கதவு தொறந்து கெடந்தத நானும்தான் பாத்தேன். அன்னிக்கு நம்ம தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனப்ப நீங்கதானே காட்டுனீங்க, தொறந்தா நின்னுடும்னு."

"அப்புறம் ஏன் சங்கிலிய எடுத்த?"

"நீங்க சாத்தமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றான்.

தே ஆறிப்போகிறது, குடியுங்கள் என்றான். குடித்தேன். அந்த வருடத் திருவிழாவுக்கு அவன் வரவில்லை. ரதத்தை என் வண்டிதான் இழுத்தது, ஓட்டியது நானேதான். எங்கேயும் நிற்கவில்லை.