காடி ஸ்டார்ட் ஆகாத வாரம்

ரூத்துக்குத் தலைவலி ஆரம்பித்தபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. ரூத் எங்கள் ஒரே மகள். போன வருடம்தான் தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்தாள். மதியம் பள்ளி வேனிலிருந்து இறங்கும்போது வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை, சாயங்காலம் ஆனால் தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடுவாள். வாந்தி எடுப்பாள். முகம் வெளுத்துப்போகும். ஊட்டிவிடப் போனால் வாயைத் திறக்க மாட்டாள். மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து, மைலோ குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள்.

கிளினிக்கில் வைரஸாக இருக்கலாம் என்றார்கள். மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை. கண்ணைப் பரிசோதித்தோம், கண் நன்றாகவே இருந்தது. சனி ஞாயிறுகளில் தலைவலி வராது என்பதை என் கணவர் அருள்தான் முதலில் கவனித்தார். "பள்ளிக்கூடத்துல ஏதோ பயம் இருக்குலா அவளுக்கு" என்றார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆசிரியையிடம் போய் விசாரித்தேன். பக்கத்தில் உட்காரும் பையனை முறைத்துப் பார்த்துவிட்டு வந்தேன். பாவம் அந்தப் பையன். கடைசியில் அரசாங்க மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தேதி கொடுத்தார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து சமைக்கும்போதும், துணி காயப்போடும்போதும், பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறதோ என்ற ஒரே நினைப்புத்தான்.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் கோலாலம்பூரில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக, ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் தெரஸ் வீட்டில் இருந்துகொண்டே வேலை பார்க்கிறேன். வாங்கிய பொருள் சரியில்லை என்று கூப்பிட்டுத் திட்டுகிறவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதுதான் வேலை. பொறுமை என் பிறவிக் குணம் இல்லை என்பது எங்கள் திருச்சபையில் எல்லாருக்கும் தெரியும். அந்த வேலைக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. போனில் பேசும்போது பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது.

சத்தம் இல்லாத இடத்துக்கு நான் எங்கே போவது? அருளுக்கு சிம்பாங் பூலாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை. பகலெல்லாம் ஏர்கோன் அறையில் தூங்குவார். இன்னோர் அறைக்கும் ஹாலுக்கும் பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். பக்கத்து வீட்டிலோ மாதக்கணக்கில் உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ் அறுக்கிற சத்தம் பல்லைக் கூச வைக்கும். ஹாலில் ஏர்கோன் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏர்கோன் போட்டால் டைல்ஸ் சத்தம் நின்றுவிடுமா?

ஒரு நாள் போர்ச்சில் நின்ற காடிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிப் பார்த்தேன். என்ன ஓர் அமைதி! அன்றிலிருந்து அதுதான் என் ஆபீஸ். முன் சீட்டில் நான், பக்கத்து சீட்டில் லேப்டாப், பின் சீட்டில் பள்ளி விட்டு வந்த ரூத். தலையணை, கலர் பென்சில், பிஸ்கட் டப்பா என்று பின் சீட்டையே ஒரு குட்டி வீடாக்கி வைத்திருந்தாள். வெயில் நாளில் ஏர்கோன் இல்லாமல் உட்கார முடியாது. எஞ்சினை ஓடவிட்டுத்தான் உட்காருவோம். மழை நாளிலும் மூடிய கண்ணாடிக்குள் புழுங்கும் என்று எஞ்சினை நிறுத்தாமல், போர்ச்சின் படுதாக்களை மூன்று பக்கமும் இறக்கிவிடுவேன். "பெட்ரோல் வீணாப் போவுதுலா" என்று அருள் முனகுவார். "என் வேலை போனா பரவாயில்லையா?" என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

அந்தக் காடி என் அப்பா வாங்கியது. அவர் வேலை செய்த ரப்பர் தோட்டத்தை வீடு கட்டும் நிறுவனத்துக்கு விற்றபோது, லயத்தைக் காலி செய்துகொண்டு டவுனுக்கு வந்து வாங்கிய முதல் காடி. அவர் போய்ச் சேர்ந்த பிறகு எங்களிடம் வந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. காலையில் சாவி போட்டால் இருமும், செருமும், ஒரு வழியாக எழுந்திருக்கும். சில நாள் எழுந்திருக்காது. அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. காடியை எப்போதும் ரிவர்ஸில் ஏற்றி, மூக்கு ரோட்டைப் பார்க்கும்படிதான் நிறுத்துவோம். எங்கள் ரோடு கொஞ்சம் சரிவு. ஸ்டார்ட் ஆகாவிட்டால் அப்படியே வெளியே தள்ளி, ரெண்டாம் கியரில் போட்டு எழுப்பிவிடலாம். பழைய காடி வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வித்தை தெரியும். மூக்கு ரோட்டைப் பார்த்தால் வால் வீட்டுச் சுவரைப் பார்க்கும் என்பதை மட்டும் நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

வேலை தொடங்குமுன் அந்தக் காடிக்குள்தான் ஜெபிப்பேன். கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரோடு பேச எனக்கு வேறு இடமும் இல்லை. ரூத்தின் தலைவலி தீர வேண்டும் என்று அழுவேன். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டு, இந்தக் காடி மட்டும் என்னைக் கைவிட்டுவிடக் கூடாது என்று கேட்பேன். பக்கத்து வீட்டுச் சத்தம் நிற்க வேண்டும் என்பது மூன்றாவது. எங்கள் பெண்கள் ஜெபக் குழுவை நடத்துகிற ஸ்டெல்லா அக்கா, நான் அனுப்பிய ஜெபக் குறிப்பைப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"ஏ எஸ்தர், நீ பிள்ளைக்காக ஜெபிக்கிறியா, காடிக்காக ஜெபிக்கிறியா?"

"ரெண்டுக்கும்தாங்க்கா. காடி போச்சுன்னா என் வேலையும் போயிரும்."

"சரிலா, ரெண்டையும் அவர் கையில குடுத்துரு. அவருக்குத் தெரியும்."

கொடுத்துவிட்டேன் என்று சொன்னேன். ஆனால் உண்மையில் ஒரு கை மட்டும்தான் கொடுத்தேன். இன்னொரு கையில் காடிச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தேன். அந்த நாட்களில் எனக்கும் தலைவலி. திட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் தலை வலிக்காது என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஸ்கேனுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். இருமல் இல்லை, செருமல் இல்லை. ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். தூங்கிக்கொண்டிருந்த அருளை எழுப்பினேன். பக்கத்து வீட்டுக் கட்டட வேலைக்காரர்களும் குத்தகைக்காரர் மிஸ்டர் வோங்கும் ஓடிவந்து தள்ளினார்கள். ரோட்டின் கடைசி வரை தள்ளியும் அது எழுந்திருக்கவில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நடு ரோட்டில் நின்றுகொண்டே வானத்தைப் பார்த்து, "கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுகூட முடியலையா உங்களுக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டேன். மிஸ்டர் வோங் தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து, பாவமாகக் கையை விரித்தார்.

லகாட்டில் பட்டறை வைத்திருக்கும் தேவா அண்ணன் வந்து காடியை இழுத்துக்கொண்டு போனார். "சாமான் வரணும் தங்கச்சி. இந்த வாரம் பூரா ஆவும்" என்றார். அந்த வாரம் முழுக்க நான் பட்ட பாடு! குளியலறையில் உட்கார்ந்து பேசினேன். அலமாரிக் கதவைத் திறந்து துணிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசினேன். டைல்ஸ் சத்தம் விடவில்லை. மேலதிகாரி இரண்டு முறை எச்சரித்தார். ஜெபிக்கவும் மனம் வரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் வாசலுக்கு நடப்பேன். வெறும் போர்ச்சைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும்.

அந்த எரிச்சலில் ஒன்றை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். புதன்கிழமை சாயங்காலம் ரூத் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, "அம்மா, பசிக்குது. இன்னும் ஒரு தோசை" என்றாள். சாயங்காலத்தில் அந்தப் பிள்ளை பசி என்று சொல்லிக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது! வியாழன், வெள்ளியும் தலைவலி இல்லை. நான் ஸ்டெல்லா அக்காவுக்கு போன் செய்து அழுதேன். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது என்று குழுவில் எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். சனிக்கிழமை காடியும் திரும்பி வந்தது. இரண்டு ஜெபத்துக்கும் பதில் கிடைத்துவிட்டது என்று நான் துள்ளினேன்.

திங்கட்கிழமை நல்ல மழை. படுதாக்களை இறக்கினேன். மதியம் ரூத் வந்தாள். "என் வீடு வந்துருச்சு" என்று தலையணையோடு பின் சீட்டில் ஏறினாள். எஞ்சின் ஓடியது. போனில் யாரோ ஓர் அம்மா, வாங்கிய மிக்சியில் தேங்காய் அரைபடவில்லை என்று என்னைப் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவில் பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அம்மா, தலை வலிக்குதும்மா."

கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளை சரிந்து படுத்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. என் நெற்றியும் விண்விண் என்று தெறித்தது. அப்போதுதான் எனக்குள் ஏதோ இடித்தது. போன வாரம் ஐந்து நாளும் பள்ளிக்கூடம் போனாளே, ஒரு நாள்கூட வலிக்கவில்லையே? அப்படியென்றால் பள்ளிக்கூடம் இல்லை. போன வாரம் எது இல்லை? இந்தக் காடி இல்லை.

நான் எப்படி எஞ்சினை அணைத்தேன், எப்படிப் பின் கதவைத் திறந்தேன் என்று எனக்கே தெரியாது. ரூத்தைத் தூக்கிக்கொண்டு படுதாவைத் தள்ளி, கொட்டுகிற மழையில் நடு ரோட்டுக்கு ஓடினேன். காதில் இன்னும் ஹெட்செட் தொங்கிக்கொண்டிருந்தது. "ரூத், கண்ணைத் தொற. அம்மாவைப் பாரு" என்று கத்தினேன். பிள்ளை வாந்தி எடுத்தாள். பிறகு முகத்தைச் சுளித்து, "குளிருதும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் ஆயுள் முழுக்க நன்றி சொல்லலாம்.

என் சத்தம் கேட்டு அருள் ஓடிவந்தார். டைல்ஸ் சத்தம் நின்றது. மிஸ்டர் வோங் தன் லோரியின் கதவைத் திறந்து, "செப்பாட், செப்பாட்!" என்று மலாயில் அவசரப்படுத்தி எங்களை ஏற்றிக்கொண்டார். யாருடைய சத்தம் நிற்க வேண்டும் என்று தினமும் ஜெபித்தேனோ, அவர்தான் சிக்னலில் ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்.

நானும் ரூத்தும் எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்று டாக்டர் கேட்டார். காடிக்குள் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். உடனே ரூத்துக்கு ஆக்சிஜன் வைத்து, எங்கள் இருவர் ரத்தத்தையும் பரிசோதித்தார்கள். காடிப் புகையில் வாசனையே இல்லாத ஒரு நச்சுக் காற்று உண்டாம். அதுதான் எங்கள் ரத்தத்தில் இருந்தது. அந்த டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான்.

"நல்ல வேளை தூக்கிட்டு வெளிய வந்தீங்க அக்கா. அசந்து தூங்குறா, தூங்கட்டும்னு விட்டிருந்தீங்கன்னா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். எத்தனை நாள் நான் அப்படி விட்டிருக்கிறேன்! பிள்ளை தூங்கினால் வேலைக்கு வசதி என்று கண்ணாடியைக்கூட இறக்காமல் இருந்திருக்கிறேன்.

பிறகு தேவா அண்ணன் அடியில் படுத்துப் பார்த்தார். புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. வால் சுவரைப் பார்க்க, மூன்று பக்கமும் படுதா மூடியிருக்க, அந்தப் புகை வேறு எங்கே போகும்? எங்களிடம்தான் வந்திருக்கிறது. ஸ்கேனும் எடுத்தோம். பிள்ளையின் தலையில் ஒரு குறையும் இல்லை.

அன்று ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து நான் அழுத அழுகை வேறு. காடி என்னைக் கைவிடக் கூடாது என்று தினமும் கெஞ்சினேனே, அதை ஆண்டவர் கேட்டிருந்தால் என் பிள்ளை இன்று எனக்கில்லை. என் ஒரு ஜெபத்துக்குப் பதில் சொல்வதற்காகவே இன்னொரு ஜெபத்தை மறுத்திருக்கிறார். வெறும் போர்ச்சைப் பார்த்து நான் முறைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் அவர் என் மகளுக்கு மூச்சுக் காற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது தெரியாமல் நடு ரோட்டில் நின்று அவரிடம் சண்டை போட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை.

மேலதிகாரியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் என்னைப் போன் பிரிவிலிருந்து, எழுதிப் பதில் அனுப்புகிற பிரிவுக்கு மாற்றினார். இப்போது ஹாலில் எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டு வேலை செய்கிறேன். பக்கத்து வீட்டில் இப்போது மாடி கட்டுகிறார்கள். அறுக்கட்டும். பல் கூசினால் மிஸ்டர் வோங்கின் லோரியை நினைத்துக்கொள்வேன்.

இதை வாசிக்கிற சகோதரிகளே, சகோதரர்களே, நீங்களும் ஏதோ ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இது மட்டும் நின்றுபோகக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். கேளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நின்றுபோனால் அவர் உங்களை மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். சண்டை போட்டாலும் பரவாயில்லை, அவரோடேயே போடுங்கள். அவரை விட்டுப் போய்விட மட்டும் வேண்டாம்.

காடியை இன்னும் விற்கவில்லை. புகைக்குழாய் மாற்றிவிட்டோம், கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறோம். போன ஞாயிறு ஆராதனைக்குக் கிளம்பும்போது அது மறுபடி இருமியது. பின் சீட்டிலிருந்து ரூத் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஸ்டார்ட் ஆகலன்னா?"

"ஆகலன்னா ஸ்தோத்திரம் சொல்லிட்டு எறங்கி நடந்தே போலாம்லா" என்றேன்.

சாவியைத் திருப்பினேன். இந்த முறை அதை இறுக்கிப் பிடிக்கவில்லை.