நாற்பத்தோராம் பக்கத்து ஓட்டை

நூலகத்துப் பலகையில் ஒட்டியிருந்த அரைத்தாளைப் படித்ததும் கண்டக்டர் உள்ளே போகாமல் வந்த வழியே திரும்பினார்.

“புத்தகங்களில் அடையாளம் வைக்கும் நபர் யாரென்று தெரிந்துவிட்டது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தாமாகவே வந்து ஒப்புக்கொள்ளவும். தவறினால் உறுப்பினர் அட்டை நிரந்தரமாக ரத்து.”

கீழே நூலகரின் கையெழுத்து. ஆறு மாதம் முன்பு மாற்றலாகி வந்த அம்மாள். தும்மினால்கூட ‘உஷ்’ என்பார். அதனால் வாசகர்கள் அவருக்கு உஷ்ஷம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அதையும் கிசுகிசுப்பாகத்தான் சொல்வார்கள்.

கண்டக்டர் ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆகிறது. முப்பத்திரண்டு வருடம் நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவரை வேறெப்படிக் கூப்பிடுவது? அதற்கெல்லாம் முன்னால், எட்டு வயதில், அவர் மழைக்கு ஒதுங்கிய கட்டடம்தான் இந்த நூலகம். கடை வாசலில் நின்றால் “என்ன வேணும், வாங்கலைன்னா நகரு” என்பார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. அலமாரி நிறையக் கொலைகள் இருந்தன. மழை விட்டும் அவர் கிளம்பவில்லை. துப்பறியும் கதை தவிர வேறெதையும் இன்றுவரை தொட்டதில்லை. “கொலை இல்லாம முந்நூறு பக்கத்துக்கு என்னதான் எழுதுவாங்க?” என்று உண்மையாகவே சந்தேகப்படுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாரத்தில் ஒரே ஒரு விடுமுறை. ஆசையாக எடுத்துவந்த புத்தகம் ஐம்பதாவது பக்கத்தில், ‘என்னை முன்பே படித்துவிட்டாயே’ என்று பல்லிளித்தது. விடுமுறை பாழ். அன்றே ஒரு வழி கண்டுபிடித்தார். பயணம் முடிந்த டிக்கெட்டை என்ன செய்வோம்? டிக்கெட்டில் ஓட்டை போடும் இடுக்கியை எடுத்தார். நாற்பத்தோராம் பக்கம், கீழ் மூலையில் கடுகளவு ஓட்டை. அதன்பிறகு அலமாரியில் எந்தப் புத்தகத்தை உருவினாலும் நேரே நாற்பத்தொன்றைத்தான் பிரிப்பார். ஓட்டை இருந்தால் திரும்ப வைத்துவிடுவார்.

ஆயிரம் துப்பறியும் கதை படித்த மனுஷன், அடிமுட்டாள் கொலைகாரன்கூட விடாத தடயத்தை விட்டிருக்கிறார். நாற்பத்தொன்றாம் நம்பர் பஸ் கண்டக்டர், நாற்பத்தோராம் பக்கத்தில், கண்டக்டர் இடுக்கியால். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் எதற்கு? பஸ்ஸில் ஏறியிருந்தால் போதும்.

மூன்று நாள் அவர் வாசல் தாண்டவில்லை. இடுக்கியைப் பழைய ஷூவுக்குள் ஒளித்தார். கதைகளில் முதலில் அங்கேதான் தேடுவார்கள் என்று நினைவு வர, தலையணை உறைக்குள் மாற்றினார். ராத்திரி அது குத்தியது.

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? சின்ன வீட்டுக்குப் போகலையா?” என்றாள் மனைவி. நூலகத்துக்கு அவள் வைத்த பெயர் அது. கல்யாணமான முதல் வாரமே வைத்துவிட்டாள்.

“உடம்பு சரியில்ல.”

“உடம்பு சரியில்லாதப்போ டபுளா படிப்பீங்களே!”

அட்டை போனால் மீதி ஆயுளை என்ன செய்வது? கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கலாம். சுவருக்கு நாற்பத்தோராம் பக்கம் கிடையாது.

வெள்ளிக்கிழமை, ஐந்தாக இருபது நிமிடம் இருக்கும்போது, தூக்குமேடைக்குப் போகிறவர்போல நூலகப் படியேறினார். உள்ளே வரிசை நின்றது. முன்னால் தையல்காரர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற டீச்சர், இன்னும் இருவர். யார் முகத்திலும் ஈயாடவில்லை.

“அம்மா, கடைசிப் பக்கத்துல சிவப்பு நூல்ல ஒரு தையல் போட்டது நான்தான்” என்றார் தையல்காரர்.

“காலை ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு எழுதினது நான். எத்தனை வேளையில படிச்சு முடிச்சேன்னு ஒரு கணக்கு” என்றார் மருந்துக்கடைக்காரர்.

டீச்சர் ஒவ்வொரு புத்தகத்துக்கும் மதிப்பெண் போட்டிருந்தார். ஒன்றுகூடத் தேறவில்லை.

கண்டக்டர் முறை வந்தது. “நாற்பத்தொண்ணாம் பக்கத்துல ஓட்டை…” என்றார். மற்றவர்களைப்போல அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

உஷ்ஷம்மா தலையில் கைவைத்தார். “தெரிஞ்சுபோச்சுன்னு சும்மாதான் போட்டேன். ஒருத்தர் வருவாருன்னு பார்த்தா ஊர்வலமே வந்திருக்கு! நான் தேடினது இந்த ஆளை.” ஒரு புத்தகத்தைப் பிரித்துத் திருப்பிக் காட்டினார். முதல் பக்கத்தில் நீல மையில், ‘கொலை செய்தது பல் டாக்டர்’ என்று எழுதியிருந்தது.

“அந்தப் படுபாவியா! எத்தனை கதையைக் கெடுத்தான்!” என்று தையல்காரர் கத்தினார். உஷ்ஷம்மாவே ‘உஷ்’ சொல்லவில்லை.

கண்டக்டர் மட்டும் அந்த எழுத்தையே உற்றுப் பார்த்தார். அந்த ‘ல’வின் சுழி, பாம்பு சுருண்டு படுத்ததுபோல. நாற்பது வருடமாக வீட்டு மளிகைச் சீட்டில் அவர் பார்க்கிற பாம்பு.

“அந்த ஆள் மட்டும் சிக்கட்டும்” என்ற உஷ்ஷம்மா, மேசைமேலிருந்த ஆறு அட்டைகளையும் எண்ணினார். பிறகு குரல் இறங்கியது. “இந்த வருஷம் புத்தகம் எடுத்தவங்க மொத்தமே பதினாலு பேர். பத்துக்குக் கீழ போனா கிளையை மூடிடுவோம்னு மேலிடத்துல கடிதம் வந்திருக்கு. எடுத்துட்டுப் போங்க. இனிமே யாரும் எதையும் தைக்கக் கூடாது.”

அட்டையை வாங்கிய கையோடு கண்டக்டர் கிளம்பினார். வீட்டுக்கு வந்து கதவைத் தாழிட்டார்.

“பல் டாக்டர்னு எழுதினது நீயா?”

“ஆமா. அவன்தானே கொன்னான்?” மனைவி அசரவில்லை. “நீங்க முடிச்சுட்டு மூலையில ஓட்டை போடுவீங்க. திருப்பிக் குடுக்கறதுக்குள்ள நானும் படிச்சிடுவேன். நானும் படிச்சேன்னு எனக்கு ஒரு அடையாளம் வேண்டாமா?”

“ஐயோ, என் அட்டையில எடுத்த புத்தகம்டி!”

“அப்ப எனக்குன்னு ஒரு அட்டை வாங்கிக் குடுங்க. நாளைக்கே நானும் வர்றேன்.”

சொன்னால் சொன்னதுதான். மறுநாள் காலை உஷ்ஷம்மா முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பைப் பார்த்தார் கண்டக்டர். பதினைந்தாவது ஆள்! “வாங்கம்மா, உக்காருங்க” என்று படிவத்தை நீட்டினார்.

கண்டக்டர் பாய்ந்தார். “குடுங்க, நானே நிரப்பிடறேன்.”

“உஷ். அவங்கவங்க கையாலதான் எழுதணும்.”

பக்கத்திலேயே பல் டாக்டர் புத்தகம் திறந்து கிடந்தது. மனைவி நிதானமாகப் பேனாவைத் திறந்தாள். தொழில் என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதினாள். அதில் இரண்டு ‘ல’; ஒரு பாம்புக்கு இரண்டு பாம்பு.

உஷ்ஷம்மாவின் கண் படிவத்திலிருந்து புத்தகத்துக்குப் போனது. புத்தகத்திலிருந்து படிவத்துக்கு வந்தது. பிறகு மெல்ல நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டி, மூலையிலிருந்த ஓட்டையைப் பார்த்தது. கடைசியில் கண்டக்டர்மேல் வந்து நின்றது.

உஷ்ஷம்மாவின் உதடு அசைந்தது. எண்ணுகிறார். பதினாலு, பதினைந்து.

புத்தகத்தை மூடி இழுப்பறைக்குள் போட்டார். படிவத்தில் முத்திரை குத்தினார்.

“உஷ்” என்றார்.

அங்கே அப்போது யாருமே பேசியிருக்கவில்லை.