பாம்புக்காதும் ஊதா கேபிளும்

அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. பாம்புக்காதுதான். அதுல அவருக்கு வருத்தமே கிடையாது, பெருமைதான். பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டுனா இவருக்குத் தூக்கம் போயிடும். ஒருதடவை ஃபிரிட்ஜ் முனகுற முனகல்ல ஏதோ சரியில்லன்னு மெக்கானிக்கை வரவழைச்சாரு. அவன் திறந்து பார்த்துட்டு, "ஒண்ணுமே இல்ல சார், நல்லா இருக்கு"ன்னு கிளம்பிட்டான். மறுநாளே ஃபிரிட்ஜ் படுத்துடுச்சு. அன்னையிலேர்ந்து மனுஷனைக் கையில பிடிக்க முடியல.

பொழைப்பும் காதுலதான். கடைத்தெருவுல, காது மந்தமானவங்களுக்கு மெஷின் விக்கிற கடை. உள்ள ஒரு சின்னக் கண்ணாடிக் கூண்டு. வர்றவங்களை அதுக்குள்ள உக்கார வெச்சு, ஹெட்போனை மாட்டி, "பீப் சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க"ன்னு சொல்லிட்டு வெளிய நின்னு பார்ப்பாரு. கேக்காத சத்தத்துக்கும் கௌரவத்துக்காகப் பட்டனை அமுக்குற பெரிய மனுஷங்க எத்தனையோ பேரு! அந்த மாதிரி ஆள் வந்தா இவரு சத்தமே போடாம கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு. உள்ள அவரு பாட்டுக்கு டக்கு டக்குன்னு அமுக்கிட்டு இருப்பாரு. "ஐயா, நான் இன்னும் மெஷினையே ஆன் பண்ணலையே"ன்னு சிரிக்காம சொல்றதுல இவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்பேர்ப்பட்ட ஆளு வீட்டுல ஹோம் தியேட்டர் வெச்சா சும்மா வெப்பாரா? வீட்டுல இருந்த ஒரே ஒரு உபரி ரூமை வளைச்சுப் போட்டாரு. பெரிய டிவி, சுத்தி ஸ்பீக்கர், நடுவுல தனக்குன்னு ஒரு நாற்காலி. அந்த நாற்காலியை யாராவது ஒரு விரக்கடை நகர்த்தினாலும் கண்டுபிடிச்சிடுவாரு. அவரு வீட்டம்மா தையல்காரங்க. அவங்க மெஷின் மட்டும் சமையல்கட்டு மூலையில. குழம்புல நூலு, துணியில மஞ்சக்கறை.

இவ்வளவு பண்ணியும் அவருக்குச் சத்தம் திருப்தியா இல்ல. "கிணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்கு"ன்னு புலம்பிக்கிட்டே இருந்தாரு. கடைசியில யாரோ சொன்னாங்கன்னு, காசைக் கொட்டி ஒரு கேபிள் வாங்கினாரு. கட்டை விரல் தண்டி, மேல ஊதா நிறத்துல நெசவு உறை, ரெண்டு முனையிலயும் தங்க முலாம் பூசின பின்னு. பொறந்த குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையில ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்தாரு. அதைச் செவத்துக்குள்ள இழுத்து மாட்டுற வேலையை மச்சான்கிட்ட ஒப்படைச்சிட்டு, மறுநாள் கடைக்குக் கிளம்பிட்டாரு. மச்சான்னா வீட்டம்மாவோட தம்பி, எலக்ட்ரீசியன்.

சாயங்காலம் வந்து நாற்காலியில உக்காந்து, கண்ணை மூடி, படத்தைப் போட்டாரு. மொத வசனத்துக்கே கண்ணு கலங்கிடுச்சு.

"மச்சான்... கேட்டியாடா? ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா வந்து உக்காருதுடா. கேபிள்னா இது கேபிள்!"

மச்சான் குனிஞ்சு டூல்ஸைப் பையில போட்டுக்கிட்டே, "ஆமா மாமா"ன்னான். சாப்பிடக்கூட நிக்காம ஓடிட்டான்.

அதுக்கப்புறம் வீட்டுக்கு யாரு வந்தாலும் அந்த ரூமுக்குள்ள ஒரு தடவை உக்காந்துட்டுத்தான் போகணும். தண்ணி கேன் போட வந்தவரைக் கூட விடல. இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்ட வீட்டம்மாவுக்கு, பின்னாடி ஸ்பீக்கருக்கும் அதே கேபிள் வாங்கணும்னு அவரு ஆரம்பிச்சப்போதான் பொறுமை போச்சு.

"ஏங்க, கம்பி கம்பிதானே? அதுக்கு எதுக்கு இந்தப் பட்டுக்குஞ்சம்? உங்களுக்கு நல்லா காதுல பூ சுத்திட்டாங்க."

"இவளே, உனக்கு நூல்ல வித்தியாசம் தெரியுதுல்ல? அந்த மாதிரிதான் எனக்குக் கம்பியில."

"நான் நூலைக் கண்ணால பார்க்கிறேன். நீங்க கேபிளோட விலையைக் கேட்டுட்டுல்ல சத்தத்தைக் கேக்குறீங்க!"

தைச்ச துணியை வாங்க வந்த மாடி வீட்டு டீச்சர் இதையெல்லாம் வாசல்ல நின்னு ரசிச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பள்ளிக்கூடத்துல அறிவியல் எடுக்கிறவங்க. "எதுக்குச் சண்டை? சாரோட கண்ணைக் கட்டிடுவோம். சாதா ஒயரையும் இந்தக் கேபிளையும் மாத்தி மாத்திப் போடுவோம். எது எதுன்னு சொல்லிட்டா சார் கெலிச்சாரு"ன்னாங்க.

"சொல்லலைன்னா?"ன்னு வீட்டம்மா இடுப்புல கையை வெச்சாங்க.

வீராப்பு யாரை விட்டுச்சு? "சொல்லலைன்னா இந்த ரூமு உனக்கு. மெஷினைக் கொண்டாந்து நடுவுல போட்டுக்கோ. என்னையும் பாம்புக்காதுன்னு யாரும் கூப்பிட வேணாம்!"

ஞாயித்துக்கிழமை பரீட்சை. மச்சான் வயித்துவலின்னு சொல்லிப் பார்த்தான், அக்கா விடல. ஒரு சாதா ஒயரைத் தரையில ஓட்டி, செவத்துக்குள்ள இருந்து வர்ற கேபிளுக்குப் பக்கத்துல வெச்சாங்க. மச்சான் டிவிக்குப் பின்னாடி உக்காந்து, டீச்சர் கையால காட்டுற பக்கம் மாத்தி மாத்திச் சொருகணும். பாம்புக்காது கண்ணுல வீட்டம்மாவோட துணி அளக்குற டேப்பைச் சுத்திக் கட்டினாங்க.

அதே படம், அதே வசனம்.

"கேபிள்!"னாரு, கம்பீரமா.

"தப்பு"ன்னாங்க டீச்சர்.

"ம்... இருங்க. தொண்டையைச் சரி பண்ணிக்கிறேன்."

"தொண்டைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பேசாம இரும்மா! இது... இது சாதா ஒயரு."

"தப்பு சார்."

அடுத்ததும் தப்பு. அதுக்கடுத்தது சரி, ஆனா சொன்ன உடனே, "இல்ல இல்ல, மாத்திக்கிறேன்"னு அதையும் தப்பாக்கிட்டாரு. வீட்டம்மா மொதல்ல சிரிச்சாங்க. அப்புறம் அவரு முகத்தைப் பார்த்துட்டு நிறுத்திட்டாங்க. நெத்தியில முத்து முத்தா வேர்வை. கை நாற்காலியோட கட்டையை இறுக்கிப் பிடிச்சிருக்கு.

ஏன்னா அவருக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டுச்சு. துளி கூட வித்தியாசம் இல்ல. ரூமு போறதைப் பத்தி அவரு அப்போ நினைக்கவே இல்ல. கண்ணாடிக் கூண்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதுக்குள்ள ஹெட்போனை மாட்டிக்கிட்டு, வராத சத்தத்துக்குப் பட்டனை டக்கு டக்குன்னு அமுக்கிக்கிட்டு... யாருன்னு பார்த்தா, அவரேதான்.

டேப்பை மெதுவா அவுத்தாரு.

"போதும் டீச்சர். எல்லாமே ஒரே மாதிரி கேக்குது. என் காது போயிடுச்சு." வீட்டம்மா பக்கம் திரும்பினாரு. "தையல் மெஷினைக் கொண்டாந்துடும்மா. நாளைக்குக் கடையில அந்தக் கூண்டுல நானே உக்காந்து பார்க்கிறேன். சின்னதா ஒரு மெஷின் மாட்டிக்க வேண்டியதுதான்."

டிவிக்குப் பின்னாடி இருந்து ஒரு கேவல் வந்துச்சு.

"மாமா! உங்க காது போகல மாமா! நான்தான் பாவி!" மச்சான் தலையில ஒட்டடையோட தவழ்ந்து வெளிய வந்தான். "அந்தக் கேபிள் செவத்துப் பைப்புக்குள்ள நுழையவே இல்ல மாமா. எண்ணெய் போட்டுக் கூடத் தள்ளிப் பார்த்தேன். நீங்க வந்தா தோலை உரிச்சிடுவீங்கன்னு, தங்கப் பின்னை மட்டும் வெட்டி, கொஞ்சம் ஊதா உறையையும் உருவி, பழைய ஒயரோட முனையில மாட்டி விட்டுட்டேன். நீங்க வந்ததும் சொல்லிடலாம்னுதான் இருந்தேன். நீங்க கண்ணு கலங்கிட்டீங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?"

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கோம். இவன் செவத்துல மறைச்சிருக்கான். வீட்டம்மா தொடப்பத்தை எடுக்கவே போயிட்டாங்க.

ஆனா பாம்புக்காது என்ன பண்ணினாரு தெரியுமா? ஒரே தாவுல மச்சானைக் கட்டிப்பிடிச்சு, ஒட்டடையோட சேர்த்து உச்சந்தலையில முத்தம் குடுத்தாரு.

"ரெண்டும் சாதா ஒயரு! சாதாவும் சாதாவும் ஒரே மாதிரிதானே கேக்கும்! டீச்சர், நான் பாஸ்! நான் பாஸ் டீச்சர்!"

"விழுந்தாலும் மீசையில மண் ஒட்டலையாம்"னு வீட்டம்மா முணுமுணுத்தாங்க. குரல்ல கோவத்தைவிட நிம்மதிதான் ஜாஸ்தி.

டீச்சர் விடுற ஆள் இல்ல. "சரி சார், கேபிளே இல்லைன்னா அன்னைக்குச் சாயங்காலம் என்னத்தைக் கேட்டுக் கண்ணு கலங்குனீங்க?"

சந்தோஷம் பொசுக்குன்னு அடங்கிடுச்சு. "கேட்டேன் டீச்சர். சத்தியமா கேட்டேன். அதுக்கு முந்தி கிணத்துக்குள்ள பேசுற மாதிரி இருந்தது, அன்னைக்கு இல்ல."

"அன்னைக்கு வேற எதையாவது மாத்துனீங்களா?"

எல்லாரும் யோசிச்சாங்க. வீட்டம்மாதான் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க, "அன்னைக்குத்தான் இந்தத் திரையைத் தைச்சு மாட்டினேன். தெருவிளக்கு டிவியில அடிக்குதுன்னு இவரு கத்திக்கிட்டே இருந்தாரே, அதுக்காக."

ஒரு செவத்தையே மூடுற தடிச்ச துணி, உள்ள ரெண்டு மடிப்பு. டீச்சர் அதைக் கழட்டச் சொன்னாங்க. கழட்டிட்டு கை தட்டினாங்க. ரூமு பதிலுக்கு நாலு தட்டுத் தட்டுச்சு. கிணறு திரும்பி வந்துடுச்சு! மறுபடி மாட்டிட்டுத் தட்டினாங்க. ஒரே தட்டோட அடங்கிடுச்சு.

"கட்டுங்க கண்ணை!"ன்னாரு பாம்புக்காது.

இந்தத் தடவை மச்சான் ஸ்டூல் மேல. திரை இருக்கு, திரை இல்ல, இல்ல, இருக்கு. ஒண்ணு கூடத் தப்பல. கடைசியில மச்சான் குறும்புக்குப் பாதித் திரையை மட்டும் மாட்டினான். "பாதி! எடது பக்கம் தொங்குது!"ன்னாரு. டீச்சரே கை தட்டிட்டாங்க. வீட்டம்மா புருஷனை இன்னிக்குத்தான் மொதல்ல பார்க்கிற மாதிரி பார்த்தாங்க.

அவரு டேப்பைக் கழட்டிட்டுத் திரைகிட்டப் போனாரு. தடவிப் பார்த்தாரு. கீழ்மடிப்பைக் கையில எடுத்தவரு அப்படியே நின்னுட்டாரு.

"என்ன இது, இவ்வளவு கனமா இருக்கு?"

"ஃபேன் காத்துல பறந்துச்சு. அடிமடிப்புக்குக் கனமா ஒண்ணு வேணும்னு தேடினேன். இவன்தான் ஒரு கயிறைக் குடுத்து, 'மிச்சம்க்கா, வெச்சுக்கோ'ன்னான். நெசவு கூட அழகா..." வீட்டம்மா பாதியில வாயைப் பொத்திக்கிட்டாங்க.

மடிப்போட ஓரத்துல, தையல் லேசா விட்ட இடத்துல, ஊதா எட்டிப் பார்த்துச்சு.

மச்சான் ஸ்டூலை விட்டு இறங்கவே இல்ல.

மறுநாளே தையல் மெஷின் அந்த ரூமுக்குள்ள வந்துடுச்சு. பாம்புக்காதே தூக்கிட்டு வந்தாரு. சொன்ன சொல்லு ஒரு பக்கம். துணி மூட்டையெல்லாம் மூலையில அடுக்கினா சத்தம் இன்னும் தெளிவாகும்னு கண்டுபிடிச்சது இன்னொரு பக்கம். இப்போ எந்தப் படத்துல துரத்தல் காட்சி வந்தாலும் நடுவுல கடகடன்னு ஒரு மெஷின் ஓடும். "ஏம்மா, அவன் குதிக்கிற வரைக்கும் கொஞ்சம் மிதிக்காம இரு"ம்பாரு. "நீங்க அவனைச் சீக்கிரம் குதிக்கச் சொல்லுங்க, இதைச் சாயங்காலத்துக்குள்ள குடுக்கணும்"பாங்க.

போன வாரம் அந்தத் திரையைத் துவைக்கிறதுக்காக வீட்டம்மா கழட்டினாங்க. அடிமடிப்பைப் பிரிச்சு, கேபிளை உருவிட்டு, பதிலுக்கு ஒரு இரும்புச் சங்கிலியை வெச்சுத் தைக்கலாம்னு கத்திரியை எடுத்தாங்க.

பாம்புக்காது நாற்காலியிலேர்ந்து பாய்ஞ்சு வந்து கையைப் பிடிச்சிட்டாரு.

"ஐயோ, அதை மட்டும் எடுத்துடாத! சத்தமே மாறிடும்!"