எறும்பு தின்ற அம்புக்குறிகள்: அனந்தபுரம் பக்கத்து மலையில் ஒரு மார்கழி ஓட்டம்

ஸ்டெல்லா டீச்சரின் அறிக்கையைத் தலைமையாசிரியை படித்துவிட்டார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "மாவுக்குப் பதிலா அடுத்த தடவை என்ன போடுவீங்க?" நேற்று மாலை ஐந்தரை மணிக்கு ஸ்டெல்லா டீச்சரே போனில் சொன்ன தகவல் இது. அந்தப் பேச்சின் மிச்சத்தைக் கட்டுரையின் கடைசியில் சொல்கிறேன். அது என்ன மாவு, என்ன அறிக்கை என்று விளங்க, 2014 டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குப் போக வேண்டும்.

நாங்கள் மூன்று பேர். நான் விழுப்புரத்தில் முப்பது வருடமாகச் செய்தி எழுதுகிறவன். வயது ஐம்பத்தாறு, சர்க்கரை எட்டிப் பார்த்த பிறகு ஓட ஆரம்பித்தவன். கதிர்வேல் திண்டிவனத்தில் மல்லாட்டை வியாபாரி. (வெளியூர் வாசகர்களுக்கு: நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.) ஸ்டெல்லா டீச்சர் திண்டிவனத்துக்கு அருகே ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. மூன்று வருடத்துக்கு முன் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்த இரண்டு பேர் நானும் கதிர்வேலும். எங்களுக்கு முன்பே ஓடி முடித்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்து எங்களைக் கூட்டிப் போனவர் டீச்சர். அன்றைக்குச் சேர்ந்த கூட்டணி இது.

மார்கழியில் ஒரு மலை என்பது எங்கள் வழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்திருக்கும். பாறை வழுக்காது. ஓடைகளில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருக்கும். காலை ஒன்பது மணி வரை வெயில் உறைக்காது. மலையில் ஓட வேண்டும் என்றால் ஏற்காடோ கொல்லிமலையோதான் என்று நினைக்கிறவர்கள் செஞ்சிக்குத் தெற்கே வந்து பார்க்கலாம். உயரம் குறைவுதான். ஆனால் யானை யானையாகப் பாறைகள், அவற்றுக்கு நடுவே ஒற்றையடிப் பாதைகள்.

இந்த வருடம் டீச்சருக்கு வேறொரு காரியமும் இருந்தது. அவரிடம் பயிற்சி எடுக்கும் இருபத்திரண்டு பெண் பிள்ளைகள் இருநூறு மீட்டர் மைதானத்தையே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். "வட்டத்துலயே ஓடி ஓடி பிள்ளைங்களுக்கு இடது பக்கம் மட்டும்தான் சார் திரும்பத் தெரியுது" என்றார். ஒரே ஒரு முறையாவது அவர்களை மலையில் ஓட வைத்துவிட வேண்டும் என்று இரண்டு வருடமாகத் தலைமையாசிரியையிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மறுத்ததற்கு நியாயம் உண்டு. "எல்லாம் கூலி வேலைக்குப் போற வீட்டுப் பிள்ளைங்க. ஒரு பிள்ளைக்குக் காலு உடைஞ்சா அந்த வீட்ல யாரு ஒரு வாரம் வேலைய விட்டுட்டு உக்காருவாங்க ஸ்டெல்லா?"

இந்த முறை தலைமையாசிரியை மூன்று நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். முதலில் டீச்சர் ஓடிப் பார்க்க வேண்டும். உள்ளூர் ஆள் வழிகாட்டாமல், பிள்ளைகள் எப்படி அடையாளத்தைப் பார்த்து ஓடுவார்களோ அப்படியே ஓட வேண்டும். பிள்ளைகளின் வேகத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மூன்றையும் எழுத்தில் கொடுத்தால் யோசிக்கலாம்.

சனிக்கிழமை மதியம் அடையாளம் போடப் போனோம். விழுப்புரத்திலிருந்து அனந்தபுரம் என் பைக்கின் மீட்டரில் 32 கிலோமீட்டர். மற்ற இருவரும் செஞ்சி வழியாக வந்தார்கள். அனந்தபுரத்தில் டீக்கடை ஓரம் வண்டிகளை விட்டுவிட்டு, மலையடிக்கு ஆறு கிலோமீட்டர் ஆட்டோ. ஓட்டுநர் ஏழுமலை போக, காத்திருக்க, வர நானூறு ரூபாய் கேட்டார். எங்கள் ஷூவையும் அரைக்கால் சட்டையையும் பார்த்தார்.

"யாரு சார் தொரத்துறாங்க?"

"யாரும் இல்லப்பா."

"அப்பறம் ஏன் சார் ஓடுறீங்க?"

கதிர்வேல், "சும்மாதான்" என்றார்.

"சும்மா ஓடுறதுக்கு நானூறு ரூபா குடுத்துக்கினு வர்றீங்களே, நம்ம ஊர்ல நாயி தொரத்துனா ப்ரீயாவே ஓடலாம்."

பெயிண்டும் பிளாஸ்டிக் நாடாவும் கூடாது என்று வனக்காவலர் முன்பே சொல்லியிருந்தார். மைதானத்தில் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் பள்ளியின் விளையாட்டு அறையில் இருந்தது. அரையாண்டு விடுமுறையில் அறை பூட்டியிருந்தது. கதிர்வேல்தான் வழி சொன்னார். "எங்க வூட்ல கோல மாவு டின்னு டின்னா கெடக்குது, நான் எடுத்துக்கினு வர்றேன்." நான்கு கிலோ கொண்டு வந்தார். நல்ல வெண்மை.

"மார்கழிக்குக் கல்லு மாவு ஆவாதுன்னு வூட்ல பச்சரிசியே அரைச்சு வெச்சிருக்காங்க. எப்படிப் பளிச்சுனு இருக்குது பாரு சாரு!"

நானும் பாராட்டினேன். டீச்சரும் பாராட்டினார். ஏரிக்கரையில் தொடங்கி, மலையின் இடுப்பைச் சுற்றி, ஒரு கணவாயில் ஏறி இறங்கி, திரும்ப ஏரிக்கரைக்கு வந்து சேரும் 11.6 கிலோமீட்டர் வட்டம். ஒவ்வொரு பிரிவிலும் ஒரு முழ நீளத்துக்கு அம்புக்குறி, மொத்தம் பத்தொன்பது போட்டோம். இரவு செஞ்சியில் லாட்ஜ். அறை ஒன்றுக்கு அறுநூறு ரூபாய்.

ஞாயிறு காலை மறுபடி ஏழுமலையின் ஆட்டோவில் ஏரிக்கரைக்கு வந்து, 6.10க்கு ஓடத் தொடங்கினோம். ஏரியின் மேல் பனி படுத்திருந்தது. கரையோர வயலில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் தலை சாய்ந்து நனைந்திருந்தது. தூரத்துக் கோயிலின் ஒலிபெருக்கி காற்று திரும்பும்போதெல்லாம் கேட்டது. மூச்சு புகையாக வந்தது என்று எழுதினால் மலைநாட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் கதிர்வேல் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டுதான் ஓடினார். அதை இரண்டாவது கிலோமீட்டரில் கழற்றி இடுப்பில் செருகினார். அந்த நேரத்தில்தான் சூரியன் பாறைகளுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஒரு நொடியில் மலை முழுவதும் செம்மண் நிறமானது. டீச்சர் முன்னால் ஓடியபடியே இரண்டு கையையும் தூக்கிக் கூவினார். நாங்களும் கூவினோம். பாறையில் பட்டு எங்கள் சத்தம் எங்களுக்கே திரும்பி வந்தது. மயில் ஒன்று கோபமாகப் பதில் சொன்னது.

முதல் இரண்டு அம்புக்குறிகள் மங்கலாக இருந்தன. பனி நனைத்திருக்கும் என்று பேசிக்கொண்டோம். மூன்றாவதில் வால் மட்டும்தான் இருந்தது. நான்காவது கிலோமீட்டரில், ஒரு பெரிய புளியமரத்தடியில் பாதை மூன்றாகப் பிரியும் இடத்தில் நாங்கள் போட்ட அம்பு இல்லவே இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு நகர்ந்துகொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். ஒவ்வோர் எறும்பின் வாயிலும் ஒரு வெள்ளைப் பொடி.

வாசலில் அரிசி மாவில் கோலம் போடுவதே எறும்பு தின்னட்டும் என்றுதான். இது எங்கள் மூவருக்கும் ஐந்து வயதிலிருந்து தெரியும். நான்கு கிலோ மாவைத் தூவி முடிக்கும் வரை ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

"எறும்பு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே போவலாம்" என்றார் கதிர்வேல். டீச்சர் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

முந்தின நாள் வந்த வழி எது என்பதில் மூவருக்கும் மூன்று நினைவு. நன்றாகத் தேய்ந்து தெரிந்த இடது பாதையில் ஏறினோம். அருமையான பாதை, அதில் சந்தேகமில்லை. பாறைக்குப் பாறை தாவி, ஒரு சுனையைக் கடந்து, 1.4 கிலோமீட்டர் மேலே போனால் பாதை ஒரு வழுக்குப் பாறையில் முடிந்துவிட்டது. அங்கே முப்பது ஆடுகளும், கழுத்தில் ரேடியோ பாடும் செல்போனைத் தொங்கவிட்ட ஒரு பெண்ணும் நின்றார்கள். முப்பத்தைந்து வயது இருக்கலாம். பெயர் அஞ்சலை என்று பிறகு சொன்னார்.

"எந்த ஊருங்க? இது ஆட்டுத் தடம். இங்க எதுக்கு ஓடி வந்துக்கினு இருக்கீங்க?"

"அடையாளத்துக்கு மாவு போட்டிருந்தோம்மா. காணோம்" என்றார் டீச்சர்.

"இன்னா மாவு?"

"அரிசி மாவு."

அஞ்சலை ரேடியோவை நிறுத்தினார். எங்கள் மூவர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தார். "எறும்புக்கு விருந்து வெச்சிட்டு அதுகிட்டயே வழி கேக்குறீங்களா?" அதன்பின் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஆடு ஒன்று மிரண்டது.

"நாங்க வழிக்கு அடையாளமே வெக்கிறது இல்ல. ஆடு போவக் கூடாத பக்கம் ஒரு வேலிக்காத்தான் முள்ள வெட்டிப் போட்டுடுவோம். தானா திரும்பிடும்" என்றார்.

"நாங்க ஓட்டிக்கினு வரப்போறது ஆடு இல்ல, பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க" என்றார் கதிர்வேல்.

"அதுங்க ஆட்டவிட புத்தியாத்தானே இருக்கும்? உங்கள மாதிரி இருந்தாத்தான் பேஜாரு."

அஞ்சலை கை காட்டிய சரிவில் இறங்கி எங்கள் பாதையைப் பிடித்தோம். புளியமரத்தடியில் நின்ற நேரத்தையும் சேர்த்து முப்பத்தேழு நிமிடம் போயிருந்தது. அதற்கு மேல் பிரிவு குறைவு. கணவாய் கண்ணுக்கு எதிரிலேயே தெரிந்தது. கணவாயிலிருந்து கீழே இறங்கும் இரண்டு கிலோமீட்டரைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். சரளையும் மணலும் கலந்த சரிவு. நிறுத்த நினைத்தாலும் கால் நிற்காது. ஐம்பத்தாறு வயதில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்தியபடி ஒரு மலையிலிருந்து இறங்கினேன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். எனக்குப் பின்னால் கதிர்வேல், சட்டைப்பையிலிருந்து அவித்த மல்லாட்டை ஒவ்வொன்றாகச் சிதற, "சாரு, ஓரம் போ, ஓரம் போ!" என்று லாரி போல வந்தார்.

8.52க்கு ஏரிக்கரை. மொத்தம் இரண்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். தலைமையாசிரியை கொடுத்த அளவுக்குப் பன்னிரண்டு நிமிடம் கூடுதல்.

டீச்சர் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். கதிர்வேல்தான் பேசினார்.

"வழி தப்புன முப்பத்தேழு நிமிஷத்தக் கழிச்சுடு டீச்சர். ரெண்டு மணி அஞ்சு நிமிஷம். அதுல பொய் ஒண்ணும் இல்லியே. எறும்பா வந்து சாட்சி சொல்லப் போவுது?"

டீச்சர் என்னைப் பார்த்தார். முப்பது வருடமாக மற்றவர்களின் அறிக்கைகளில் ஓட்டை தேடிப் பிழைப்பவன் நான். என்றாலும் இருபத்திரண்டு பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நான் குனிந்து ஷூவிலிருந்த மணலைத் தட்டினேன்.

"கழிச்சு எழுதலாம்ணா" என்றார் டீச்சர். "ஆனா அந்தப் புளியமரத்தடியில ஒரு பிள்ளை தனியா வந்து நின்னா?"

கதிர்வேல் குல்லாயை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "மாவு என்னோடது. அதயும் எழுதிக்கோ" என்றார்.

அறிக்கை இப்படித் தொடங்குகிறது: "நான்காவது கிலோமீட்டரில் வழி தவறினோம். இழந்த நேரம் 37 நிமிடம். காரணம், அரிசி மாவு." அனுமதி கேட்டு எழுதும் யாரும் அப்படி ஆரம்பிக்க மாட்டார்கள். ஏழுமலை மட்டும் திரும்பும் வழியெல்லாம் கண்ணாடியில் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். அஞ்சலை அவருக்குச் சின்னம்மா மகள் என்பதும், போன் எங்களைவிட வேகமாக இறங்கியிருந்தது என்பதும் அனந்தபுரம் வந்த பிறகுதான் தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். மலையடி ஊரின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. அனுமதி முடிவாகாத பாதைக்குக் கூட்டம் சேர்ப்பது முறையாகாது. நாங்கள் ஓடியது காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே இருக்கும் ஊர்ப் பாதை. ஆனாலும் வனக்காவலரிடம் சொல்லாமல் கால் வைக்காதீர்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிய நல்ல காலம். மாசி பிறந்துவிட்டால் பாறை சுடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். வழியில் கடை கிடையாது. தேனடைகள் உண்டு, ஆகவே சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள். அவித்த மல்லாட்டையைப் போன்ற ஓட்டக்காரர் உணவு வேறில்லை, ஆனால் அதை மூடியுள்ள பையில் வையுங்கள். அடையாளத்துக்கு எதை வேண்டுமானாலும் போடுங்கள்; தின்னக்கூடிய எதையும் போடாதீர்கள்.

இனி, நேற்றைய போன் பேச்சின் மிச்சம். மாவுக்குப் பதில் என்ன என்ற கேள்விக்கு, அஞ்சலை சொன்ன முள்ளைச் சொல்லியிருக்கிறார் டீச்சர். தப்பான பாதைகளின் வாயில் முள் போட்டு அடைத்து, ஒவ்வொரு பிரிவிலும் ஓர் ஆள் நிற்பது. "முள்ளுன்னா பிள்ளைங்க காலு?" என்று கேட்டாராம் தலைமையாசிரியை. பிறகு, "நானே வந்து நடந்து பாக்குறேன்" என்றாராம்.

ஆக, நிலுவையில் இருப்பவை இரண்டு. வனச்சரக அலுவலகத்தின் அனுமதிக் கடிதம் பொங்கல் விடுமுறை கழிந்து, ஜனவரி இருபதுக்கு மேல் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியையின் முடிவு இந்த மாதம் பத்தாம் தேதி சனிக்கிழமை மாலை தெரியும். அன்று காலை ஆறு மணிக்கு அவர் ஏரிக்கரைக்கு வருகிறார். இரண்டும் சரியென்றால் பிள்ளைகள் ஓடுவது ஜனவரி கடைசி ஞாயிறு. தனக்கு ஷூ எதுவும் வேண்டாம், வழக்கமான செருப்பே போதும் என்கிறார் தலைமையாசிரியை. அந்த ஒரு நிபந்தனைக்கு மட்டும் ஸ்டெல்லா டீச்சர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.