காரிலை கட்டின கறுப்பு வயர்

அத்தானிலை எனக்கு இண்டைக்கும் கோவம்தான். என்னிலை அதைவிடக் கோவம். எண்பத்திமூண்டு ஆடியிலை வந்தது, இன்னும் ஆறேல்லை. ஆறவும் தேவையில்லை.

நான் லைசன்ஸ் எடுத்து அமெச்சூர் றேடியோ வைச்சிருந்தனான். தெல்லிப்பழையிலை எங்கடை முன் அறையிலை இருந்தே உலகத்தோடை கதைக்கலாம். கொழும்பு பத்தி எரியேக்கை ரெலிபோன் எல்லாம் செத்துப்போச்சு. அக்கா வெள்ளவத்தையிலை தனிய. அவவின்ரை புருசன், என்ரை அத்தான், தாயின்ரை திவசத்துக்கெண்டு காரிலை வந்து எங்களோடை மாட்டுப்பட்டு நிண்டார். றேடியோவிலை மட்டும் பழக்கமான ஒரு சிங்களச் சிநேகிதர், முகமே காணாத மனிசன், அக்காவைத் தேடிப் போய்ப் பாத்திட்டுப் பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். ஆள் உயிரோடை இருக்கிறாவாம். தன்ரை வீட்டை வரச் சொல்லிக் கேட்டாராம். முன்பின் தெரியாத ஆளோடை வரமாட்டன், என்ரை மனிசன் சொன்னால் வாறன் எண்டு நிக்கிறாவாம். ஆறு மணிக்கு ஊரடங்கு, கெதியாச் சொல்லுங்கோ எண்டார்.

அத்தான் வாயைத் திறக்கக் கரண்ட் நிண்டுபோச்சு.

என்ரை றேடியோ கார் பற்றரியிலையும் ஓடுற பெட்டிதான். அத்தான்ரை காரை யன்னலடிக்குக் கொண்டுவரச் சொன்னன். இங்கிலாந்திலை செய்த பழைய கார். எங்கடை ஊர் முழுக்க அப்ப அதுகள்தான். பற்றரித் தலை ரெண்டும் பச்சைக் களிம்பு பிடிச்சு, எது பிளஸ், எது மைனஸ் எண்டு தெரியேல்லை. காரின்ரை இரும்பு உடம்பு எண்டால் மைனஸ்தானே எண்டு, றேடியோவின்ரை மைனஸான கறுப்பு வயரை உடம்பிலை ஒரு போல்ற்றிலை முறுக்கினன். சிவப்பை, உடம்போடை சேராத பற்றரித் தலையிலை மாட்டினன்.

டப் எண்டு ஒரு சத்தம். பிறகு றேடியோவுக்குள்ளையிருந்து எரிஞ்ச மணம். நல்ல பியூஸ் இருந்திருந்தால் பியூசோடை போயிருக்கும். அது முதலே எரிஞ்சு, கடையிலை கிடைக்காமல், நான்தான் செப்புக் கம்பி சுத்தி வைச்சனான். பெரிய கெட்டிக்காரன்.

அப்பத்தான் அத்தான் ஆற அமரச் சொன்னார். "இந்தக் காருக்கு உடம்புதான் பிளஸ்."

நான் கறுப்பை மாறி முறுக்கேக்கை பக்கத்திலை நிண்டு பாத்தவர்! ஏன் சொல்லேல்லை எண்டு கத்தினன்.

"நீர்தானே அதுக்குப் படிச்சனீர்" எண்டார்.

படிச்சவனுக்குச் சொல்லக்கூடாதாம். பாழாய்ப்போன மரியாதை! நான் மட்டும் என்ன திறம்? கார்க்காரனிட்டை ஒரு வார்த்தை கேட்டால் என்ரை லைசன்ஸ் தேஞ்சுபோம் எண்டு நினைச்சவன். எங்கடை சனம் தண்ணியிலை தாண்டு சாகேக்கையும் ஆழம் எவ்வளவு எண்டு ஒருத்தரையும் கேக்காது. வேற பெட்டியும் ஊரிலை இல்லை. அங்கை அந்த மனிசன் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைச்சிருப்பார். ஆறு மணியாச்சு.

ரெண்டு கிழமையாலை அக்கா அகதிக் கப்பலிலை காங்கேசன்துறைக்கு வந்தா, உடுத்த சீலையோடை. கூட்டிவரத் துறைமுகத்துக்கு அத்தானும் நானும் போனம். றேடியோ எரிஞ்ச அண்டிரவே, ஊரடங்கையும் பாக்காமல் காடையர் வந்து வெள்ளவத்தை வீட்டைக் கொளுத்திப்போட்டாங்கள். இடக்கை முழங்கை வரைக்கும் வெந்து, துணி சுத்தியிருந்தது. அத்தான் வயர்க் கதையை முழுக்கச் சொன்னார்.

"நான் பையைக் கட்டிக்கொண்டு வாசலிலை இருந்தனான்" எண்டா அக்கா. "போ எண்டு ஒரு சொல்லுத்தானே."

அத்தான் கார்க் கதவைத் திறந்து பிடிச்சார். அக்கா அதைத் தாண்டிப் போய் மற்றச் சனத்தோடை பஸ்ஸிலை ஏறினா. நாங்கள் ரெண்டு பேரும் அந்தக் காரிலை, பஸ்ஸுக்குப் பின்னாலை, ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்காமல் போனம்.