முள் குத்திய கண்

எனக்கு வலது கண் கிடையாது. ரெண்டு வயதில் கருவேல முள் குத்திப் போய்விட்டது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். அம்மா நான் பிறந்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டாள். வளர்த்தது அப்பாவும், என்னைவிடப் பத்து வயது மூத்த அக்காவும். பள்ளிக்கூடத்தில் ஒத்தக்கண்ணன் என்று கூப்பிட்டார்கள். பொறுக்காமல் ஐந்தாம் வகுப்போடு நின்று, திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைக்கு அரம் பிடிக்க வந்துவிட்டேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் எனக்கு மகன் பிறந்தான். அன்றிலிருந்து ஒரே பயம், முள். வீட்டைச் சுற்றியிருந்த கருவேல வேலியை நானே வெட்டி எரித்தேன். விறகைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவேன். விளக்குமாற்றைக்கூடப் பரணில் போட்டேன். உடம்பில் இரும்புத்தூள் ஒட்டியிருக்கும் என்று குளிக்காமல் அவனைத் தொடமாட்டேன்.

"இம்புட்டுப் பயந்தா, புள்ளையப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டித்தான் வளக்கணும்" என்பாள் மனைவி.

ஒன்றரை வயதிருக்கும். வெயிலிலிருந்து தூக்கிக்கொண்டு உள்ளே வரும்போது, வாசல் நிழலில் அவன் இடது கண் பூனைக்கண் மாதிரி மின்னியது. கறுப்பு இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஒரு பளபளப்பு. "கண்ணுல விளக்கேத்திக்கிட்டுப் பொறந்திருக்கான்" என்று பக்கத்து வீட்டுக்காரி கன்னத்தைக் கிள்ளினாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிற நான் அதற்குப் பயப்படவில்லை. முள் எதுவும் குத்தவில்லையே. அந்த மின்னலைப் பார்க்கிறதற்காகவே அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்திருக்கிறேன். ஐந்தாறு மாதம்.

கண் வீங்கிய பிறகுதான் மதுரைக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவன் கண்ணைப் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க கண்ணு எப்படிப் போச்சு?"

"முள்ளு குத்திருச்சுங்கய்யா."

"குத்துனத யாரு பார்த்தா?"

அதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை.

இது கண்ணில் வருகிற புற்று, சில குடும்பங்களில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் என்றார். மின்ன ஆரம்பித்ததுமே வந்திருந்தால் கண்ணை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது மண்டைக்குள் போய்விட்டது.

அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்; அக்கா கன்னிவாடியில் வாக்கப்பட்டவள். தோட்ட வேலையில் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. சொல்லியனுப்பினேன். வந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கும் இப்பிடித்தான் மின்னுச்சு அப்பு. அப்பா மறுவாரமே ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, கண்ண எடுத்து ஒன்னப் பொழைக்க வச்சுச்சு. சீக்குன்னா எவன் பொண்ணு குடுப்பான்? முள்ளுன்னு சொல்லிட்டோம். சொல்லிச் சொல்லி எனக்கே முள்ளுன்னு ஆகிப்போச்சு."

என் மனைவி மடியில் பிள்ளையோடு கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, மதினி."

"சொல்லியிருந்தா நீ கழுத்த நீட்டியிருப்பியா?"

பிள்ளை சிணுங்கினான். என் மனைவி அவனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் இன்றுவரை அவளிடம் அதற்குப் பதில் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

மழைக்காலம் வரைக்கும் இருந்தான். வலி விட்ட நேரங்களில் என் தோளில் சாய்ந்து, என் குழிக்கண்ணைச் சுட்டுவிரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான்.

"முள்ளு" என்பான்.

அவனுக்கு அந்தச் சொல்லைப் பழக்கியது நான்தான்.

"ஆமா சாமி, முள்ளுதான்" என்பேன்.